சத்தம் போடும் மரத்தளம்

ஊட்டியில் உள்ள பழைய பங்களா ஓட்டல்களைப் பற்றி ஆட்கள் எழுதும் புகார்களைப் படித்திருக்கிறீர்களா? நான் படிப்பேன். பென்ஷன்காரனுக்கு வேறென்ன வேலை! 'நடந்தால் தரை கிரீச் என்கிறது', 'லிஃப்ட் இல்லை', 'டிவி சின்னது', 'பர்னிச்சர் எல்லாம் பழசு'. நூறு வருஷத்துக் கட்டடம் என்று தெரிந்துதானே ரூம் போட்டார்கள்? தாத்தா வீட்டுக்குப் போய், தாத்தாவுக்கு வயதாகிவிட்டது என்று குறை சொல்வது மாதிரி இருக்கிறது.

போன அக்டோபரில் நானும் மனைவியும் அப்படிப்பட்ட ஓர் ஓட்டலில் நாலு நாள் தங்கினோம். பெயர் வேண்டாம். தகரக் கூரை, உயரமான உத்தரம், கண்ணாடி போட்ட முன் வராந்தா, ரூமுக்கு ரூம் கணப்பு. ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பெரியவர் விறகு கொண்டுவந்து அடுக்கிப் பற்றவைப்பார். "அம்மா, ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வையுங்க, புகை தங்கக் கூடாது" என்று தினமும் சொல்லிவிட்டுத்தான் போவார். படுக்கையில் போர்வைக்குள் வெந்நீர்ப் பை. இரண்டாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் மழை விழும் சத்தத்தில் பேசினால் கேட்காது. பேசாமல் உட்கார்ந்து வர்க்கியும் டீயுமாகப் பகல் முழுவதும் போயிற்று. ஏரி, பூங்கா எதையும் பார்க்கவில்லை. 1848-ல் தொடங்கிய பூங்கா, அடுத்த தடவையும் அங்கேதான் இருக்கும்.

அந்தக் காலத்தில் இந்த மாதிரி பங்களாவுக்குள் நம்மைப் போன்றவர்களை விருந்தாளியாக விட்டிருக்க மாட்டார்கள். அதை நினைத்துக்கொண்டுதான் கணப்பருகே காலை நீட்டி உட்கார்ந்தேன். கொஞ்சம் கூடுதல் சுகமாகவே இருந்தது.

கிளம்புவதற்கு முதல் நாள் முதலாளி வந்து உட்கார்ந்தார். நாற்பது வயதிருக்கும். அடுத்த வருஷம் மரத்தளத்தைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் போடப் போகிறாராம். கணப்பை அடைத்து, ஃபால்ஸ் சீலிங் போட்டு, பெரிய டிவி மாட்டப் போகிறாராம். எனக்குப் பகீர் என்றது. வேண்டாமே என்றேன்.

"சார், நீங்க வந்து நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிடுவீங்க. கூரை ஒழுகினா ஏணி வைக்கிறது நான்தான். குறை உள்ளவங்க எழுதறாங்க. பிடிச்சவங்க யாரும் ஒரு வரி எழுதறதில்லை" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் என் கட்சி இதுதான். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். அந்தக் குளிரில் டைல்ஸில் வெறுங்காலை வைத்துப் பாருங்கள், உள்ளங்காலிலிருந்து சூட்டை உறிஞ்சிவிடும். மரம் அப்படிச் செய்யாது. கட்டினவர்கள் அழகுக்காக மட்டும் மரம் போடவில்லை. அதே ஊரில் புனித ஸ்டீபன் தேவாலயம் இருக்கிறது, 1830-களிலிருந்து. அதன் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையில் இருந்தவை. அங்கிருந்து இவ்வளவு உயரத்துக்குக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள். நல்ல மரத்தை மனிதர்கள் அப்படி மதித்திருக்கிறார்கள். நாமோ சத்தம் போடுகிறது என்று பெயர்த்து எறிகிறோம். இருப்பதை எடுத்துவிட்டால் பிறகு அந்த ஓட்டலுக்கும் கோயம்புத்தூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் இருக்கும் லாட்ஜுக்கும் என்ன வித்தியாசம்? அங்கே வாடகையும் குறைவு.

அதற்காக எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லவில்லை. பாத்ரூம் தரை வழுக்குகிறது, பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. என் மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. நாலு நாளும் அவள் குளித்து முடிக்கும் வரை நான் கதவுக்கு வெளியே நின்றேன். வாசலில் மூன்று படி, கைப்பிடி கிடையாது. டைல்ஸுக்குச் செலவழிக்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்கு போதும், இதெல்லாம் சரியாகிவிடும். முதலாளியிடம் இதையும் சொன்னேன். பாத்ரூம் கம்பியை மட்டும் ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார்.

ஊருக்கு வந்ததும் நாங்களும் நாலு வரி எழுதிப் போட்டோம். தரை சத்தம் போடும், அதற்காகவே போகலாம், கம்பி வைக்க வேண்டும் என்று. நம் வயதுக்காரர்கள் இந்த மாதிரி இடத்தில் தங்கினால், தயவுசெய்து நீங்களும் எழுதுங்கள். பேரன் பேத்தியிடம் போனைக் கொடுத்தால் ஐந்து நிமிஷ வேலை.

போக நினைப்பவர்களுக்கு: காரில் போனால் இ-பாஸ் எடுக்க வேண்டும், 2024 மே முதல் இந்த ஏற்பாடு. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் 46 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஆகும். முதுகு வலி உள்ளவர்கள் குன்னூர் வரை பஸ்ஸில் போய் அங்கே ஏறிக்கொள்ளலாம். ரூம் போடும்போதே கீழ்த்தள ரூம் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கணப்புக்கு விறகு தனிக் காசா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.