ஓடாத கடிகாரம்

வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அன்பர் ஒருவரின் இல்லத்திற்கு அண்மையில் சென்றிருந்தோம். காப்பி அருந்திய பின், அவர் எங்களை உள்ளறைக்கு அழைத்துச் சென்று, பீரோவின் இரகசிய அறையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே சுவிட்சர்லாந்து நாட்டுக் கைக்கடிகாரம் ஒன்று இருந்தது. எஃகுப் பட்டையின்மீது ஒட்டப்பட்டிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள்கூட அகற்றப்படவில்லை. முட்கள் அசையாமல் நின்றன. எங்களுள் ஒருவர் மணி என்ன என்று கேட்டார். அன்பர் சட்டைப் பையிலிருந்த கைப்பேசியைப் பார்த்து மணி சொன்னார்.

"ஏன் இதை அணிவதில்லை?" என்றோம். "அணிந்தால் கீறல் விழும். கீறல் விழுந்தால் விலை போய்விடும். இதைக் கடிகாரமாகப் பார்க்காதீர்கள், ஐயா. இது முதலீடு. மகளின் மேற்படிப்புக்கு" என்றார். 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், துபாயில் மறுவிற்பனைக் கடையொன்றில், நிறுவனத்தின் பட்டியல் விலையைப்போல் இருமடங்கு கொடுத்து அதை வாங்கியிருந்தார். இன்று விற்றால் என்ன கிடைக்கும் என்று கேட்டோம். பெட்டியை மூடினார், விடை சொல்லவில்லை.

அந்த அன்பரைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. வெயிலில் உழைத்துச் சேர்த்த பணத்தைத் தம் மகளுக்காகவே அவர் ஒதுக்கி வைத்தார். அவருக்கு அந்த எண்ணத்தை ஊட்டிய வாதத்தைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம். "ஆடம்பரக் கடிகாரம் செலவு ஆகாது, சேமிப்பு ஆகும்" என்னும் அந்த வாதம் இன்று நடுத்தரக் குடும்பங்களின் வாசலுக்கும் வந்துவிட்டது. இந்தியாவும் சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளும் 2024 மார்ச்சில் கையெழுத்திட்ட வணிக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அதன்படி சுவிஸ் கடிகாரங்களின் மீதான இறக்குமதி வரி படிப்படியாகக் குறைந்து நீங்கவிருக்கிறது. வரி குறையும்போது விளம்பரம் பெருகும். ஆகவே இப்போதே பேசுவது நலம்.

கடிகாரத் தொழில் சுவிட்சர்லாந்தில் வேரூன்றிய வரலாறு நம் சிந்தனைக்கு உரியது. 16 ஆம் நூற்றாண்டில் ஜெனீவா நகரம் ஜான் கால்வினின் சீர்திருத்தத்தை ஏற்றது. நகைகளும் பகட்டான அணிகலன்களும் அங்கே கட்டுப்படுத்தப்பட்டன. பிழைப்பை இழந்த பொற்கொல்லர்கள் பலர், பிரான்சிலிருந்து அடைக்கலம் தேடி வந்த கைவினைஞர்களோடு சேர்ந்து, கடிகாரம் செய்யத் தலைப்பட்டனர். 1601 இல் கடிகாரக் கைவினைஞர்களுக்கென ஒரு தொழிற்சங்கமும் அங்கே உருவாயிற்று. நகை வீண் பகட்டு என்று விலக்கப்பட்ட ஊரில், பயனுள்ள பொருள் என்பதால் கடிகாரம் பிழைத்துக்கொண்டது. பயன் ஒன்றே அதன் நியாயமாக இருந்தது. அந்த நியாயத்தால் வளர்ந்த பொருள் இன்று பயனை முற்றும் துறந்து, பெட்டிக்குள் கிடக்கும் நகையாகிவிட்டது. நான்கு நூற்றாண்டுகளில் வட்டம் முழுமையாகச் சுற்றி வந்துவிட்டது.

தொழில் பின்னர் ஜூரா மலைகளுக்குப் பரவியது. பனி மூடிய மாதங்களில் வயல் வேலையற்ற உழவர்கள், சன்னலோரத்தில் அமர்ந்து, பற்சக்கரங்களையும் திருகாணிகளையும் அரம்கொண்டு தேய்த்தனர். லா ஷோ தெ போன், லெ லோக்ல் என்னும் இரண்டு ஊர்களின் தெருக்களே கடிகாரத் தொழிலாளரின் மேசையில் பகல் வெளிச்சம் விழவேண்டும் என்பதற்காக வரிசையாகத் திட்டமிடப்பட்டவை. 2009 இல் யுனெஸ்கோ நிறுவனம் அவற்றை உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது. அந்த உழைப்பின்மீது எங்களுக்கு மதிப்பு உண்டு. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொருளுக்குள் சுருள்வில்லும் சக்கரங்களும் ஒன்றையொன்று தள்ளிக் காலத்தை அளப்பது, மனித அறிவின் அழகான வெற்றிகளுள் ஒன்று.

ஆனால் 1969 டிசம்பர் 25 அன்று, ஜப்பானின் சீக்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மின்கலத்தின் விசையால் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அதிரும் ஒரு சிறு படிகம், இயந்திரக் கடிகாரத்தைத் துல்லியத்தில் வென்றது. இன்றும் தரச்சான்று பெற்ற சுவிஸ் இயந்திரக் கடிகாரத்திற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 நொடி பிந்தவும் 6 நொடி முந்தவும் இடம் உண்டு. சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரமோ மாதம் முழுவதற்கும் ஏறத்தாழ 15 நொடியே தவறும். 1970 வாக்கில் ஏறத்தாழ 90,000 பேருக்கு வேலை தந்த சுவிஸ் கடிகாரத் தொழில், 1980 களின் நடுவில் அதில் மூன்றில் ஒரு பங்கினருக்கே வேலை தந்தது. துல்லியத்தை விற்க இயலாது என்றானபின், விலையுயர்ந்த நிறுவனங்கள் வேறொன்றை விற்கத் தொடங்கின. மதிப்பு, பரம்பரை, அரிய தன்மை ஆகியவை விற்பனைச் சரக்குகளாயின. முதலீடு என்னும் சொல் கடைசியாக வந்து சேர்ந்தது.

முதலீடு என்றால் என்ன? நிலத்தில் இட்ட பணம் நெல்லாக விளைகிறது. வங்கியில் இட்ட பணம் ஒருவரின் பட்டறைக்குக் கடனாகச் சென்று, வட்டியோடு திரும்புகிறது. பெட்டிக்குள் இருக்கும் கடிகாரம் எதை விளைவிக்கிறது? அது குட்டி போடுவதும் இல்லை, காய்ப்பதும் இல்லை. நம்மைவிட அதிக விலை கொடுக்க மற்றொருவர் வருவார் என்னும் நம்பிக்கை ஒன்றே அதன் வருமானம். தங்கமும் விளைவதில்லையே என்பர் சிலர். தங்கத்தை எந்த அடகுக் கடையில் வைத்தாலும் எடை பார்த்துப் பணம் தருவார்கள்; உருக்கினாலும் அது தங்கமே. எஃகுக் கடிகாரத்தை உருக்கினால் ஒரு கரண்டி செய்யலாம்.

பட்டேக் பிலிப் நிறுவனத்தின் நாட்டிலஸ் 5711 என்னும் எஃகுக் கடிகாரத்தை எடுத்துக்கொள்வோம். 2006 இல் வெளிவந்த அதன் உற்பத்தி 2021 இல் முடிவுக்கு வந்தது. அப்போது பட்டியல் விலை சுமார் 35,000 டாலர். இறுதியாக ஒரு நகைக்கடைக்கென நீலநிற முகப்போடு 170 கடிகாரங்கள் மட்டும் செய்யப்பட்டன. அவற்றின் விலை சுமார் 52,000 டாலர். 2021 டிசம்பரில் அவற்றுள் ஒன்று நியூயார்க் ஏலத்தில் ஏறத்தாழ 65 இலட்சம் டாலருக்குப் போயிற்று. அதன் உள்ளே இருந்த இயந்திரம் ஒரு வாரத்தில் நூறு மடங்கு மேம்பட்டுவிடவில்லை. மாறியது ஆசை மட்டுமே. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுக்குள் முடங்கிய செல்வமும், மலிவான கடனும், மின்னணு நாணயங்களில் திடீரெனக் கிடைத்த ஆதாயமும் அந்த ஆசைக்கு எண்ணெய் வார்த்தன. 2022 இன் முற்பகுதியில் மறுவிற்பனைச் சந்தை உச்சியைத் தொட்டது. பின்னர் வட்டி விகிதங்கள் உயர்ந்தன. மின்னணு நாணயங்கள் சரிந்தன. கடிகார விலைகளும் தொடர்ந்து இறங்கின. உச்சியில் விற்றவர் பிழைத்தார். உச்சியில் வாங்கியவர்களுள் நம் அன்பரும் ஒருவர்.

இவையெல்லாம் ஒரு சில நிறுவனங்களின் ஒரு சில வகைகளைப் பற்றிய செய்திகள் என்பதை மறக்கக் கூடாது. சுவிட்சர்லாந்து 2023 இல் மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 69 இலட்சம் கைக்கடிகாரங்களை ஏற்றுமதி செய்தது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை கடையை விட்டு வெளியேறிய அன்றே விலை இழப்பவை. பரிசுச்சீட்டில் வென்றவரின் படத்தைக் கடை வாசலில் தொங்கவிடுவார்கள். தோற்றவர்களின் படங்களைத் தொங்கவிட அந்தச் சுவர் போதாது. விலை ஏறும் வகைகளைப் பட்டியல் விலைக்கு வாங்குவதும் எளிதன்று. காத்திருப்போர் வரிசை உண்டு. அவ்வரிசையில் பழைய வாடிக்கையாளருக்கே முதலிடம். ரோலெக்ஸ் நிறுவனம், தட்டுப்பாடு தன் உத்தி அன்று என 2021 இல் கூறியது. அதை நம்பவும் நாங்கள் ஆயத்தம். ஆனால் தட்டுப்பாடு எவ்வாறு வந்தாலும், அதன் விலையைத் தருபவர் வரிசையின் கடைசியில் நிற்கும் எளிய மனிதரே. அவர் மறுவிற்பனைக் கடைக்குச் செல்கிறார், இருமடங்கு கொடுக்கிறார், போலியோ என்று அஞ்சுகிறார். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கழற்றி எண்ணெயிட்டுப் பூட்டும் செலவையும், காப்பீட்டையும், விற்கும்போது வணிகர் கழித்துக்கொள்ளும் பங்கையும் கணக்கில் எழுதாமல் விட்டுவிடுகிறார்.

"இலாபத்திற்காக அன்று, பரம்பரைச் சொத்தாகவே வாங்குகிறோம்" என்பாரும் உளர். 1996 முதல் பட்டேக் பிலிப் நிறுவனம் செய்துவரும் விளம்பரம் புகழ் வாய்ந்தது. நீங்கள் இதன் உரிமையாளர் அல்லர், அடுத்த தலைமுறைக்காக இதைப் பேணுபவர் மட்டுமே என்பது அதன் சாரம். இச்சிந்தனை எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதல்லவா? மண்ணும் பொன்னும் நமதல்ல, நாம் அவற்றின் பொறுப்பாளர்களே என்று நம் மறையுரைகளில் ஆண்டாண்டாகக் கேட்டு வருகிறோம். பற்றை அறுக்கச் சொல்லப்பட்ட அந்தச் சொல்லை, பற்றை வளர்க்க இரவல் வாங்கிவிட்டார்கள்.

உண்மையான பரம்பரைப் பொருள் எது? நம் இல்லங்கள் பலவற்றில் தந்தை அணிந்த எச்.எம்.டி. கடிகாரம் ஒன்று இன்னும் இருக்கிறது. 1961 இல் பெங்களூரில் ஜப்பானியத் துணையோடு தொடங்கிய பொதுத்துறை ஆலையில் பிறந்தது அது. நாள்தோறும் காலையில் தந்தை அதற்குச் சாவி கொடுத்தார். அதைப் பார்த்தே பேருந்துக்கு ஓடினார். நம்மைப் பள்ளிக்கு விரட்டினார். கண்ணாடியில் கீறல், தோல்பட்டையில் வியர்வைக் கறை. அடகுக் கடைக்காரர் அதைத் திரும்பியும் பாரார். இருந்தும் நாம் அதைக் குப்பையில் எறிவதில்லை. அணிந்ததால்தான் அது அவருடையதாயிற்று.

சந்தையே இதற்குச் சான்று கூறுகிறது. அமெரிக்க நடிகர் பால் நியூமனின் ரோலெக்ஸ் கடிகாரம் 2017 அக்டோபரில் நியூயார்க்கில் 1 கோடியே 77 இலட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அவருடைய மனைவி அதை வாங்கித் தந்தபோது அதன் விலை சில நூறு டாலர்களே. கவனமாக ஓட்டும்படி பின்புறத்தில் பொறித்துத் தந்தார். மோட்டார்ப் பந்தய வீரரான கணவர் ஆண்டுக்கணக்கில் அதை அணிந்தார். 1984 இல், மணி கேட்டபோது தன்னிடம் கடிகாரம் இல்லை என்ற ஓர் இளைஞனுக்கு அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். அதைப் பிளாஸ்டிக் தாளோடு பெட்டியில் பூட்டி வைத்திருந்தால், அதன் கதையும் இராது, விலையும் இராது.

"பணக்காரர் வாங்குவதால் தொழிலாளர் வாழ்கிறார்களே, அறப்பணிகளுக்கும் பணம் சேர்கிறதே" என்பது மற்றொரு வாதம். 2019 நவம்பரில் ஜெனீவாவில் ஒரு கடிகாரம் 3 கோடியே 10 இலட்சம் பிராங்குக்கு ஏலம் போனது. அத்தொகை தசைச் சிதைவு நோய் பற்றிய ஆராய்ச்சிக்குச் சென்றது. அந்த அறத்தை வாழ்த்துகிறோம். ஆனால் பொருள் பத்துக் கைகள் மாறி, ஒவ்வொரு கையிலும் விலை ஏறும்போது, சன்னலோரத்தில் குனிந்து அமர்ந்து அதைச் செய்த தொழிலாளிக்கு அந்த ஏற்றத்தில் ஒரு காசும் சேர்வதில்லை.

சமயத்தார் இவ்விடயத்தில் தூயவர் என்று மார்தட்டவும் வழியில்லை. 2012 இல் உருசிய மரபுவழித் திருச்சபையின் தலைவரது படம் ஒன்று உலகெங்கும் பேசப்பட்டது. விலையுயர்ந்த கடிகாரம் அவர் கையிலிருந்து அழிக்கப்பட்டிருந்தது. மெருகிட்ட மேசையில் அதன் நிழலுருவை அழிக்க மறந்துவிட்டார்கள். படத்தை வெளியிட்ட அலுவலர் மன்னிப்புக் கேட்டு, மூலப் படத்தையே மீண்டும் வைத்தனர். அண்டை வீட்டாரைப் பார்த்து நகைக்க இதைச் சொல்லவில்லை. நம் மேசைகளிலும் என்னென்ன தெரிகின்றன என்று நாமே குனிந்து பார்ப்பது நன்று.

கைக்கடிகாரமே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. அழகிய இயந்திரத்தை விரும்பி, கடன் படாமல் வாங்கி, அணிந்து மகிழ்பவரோடு எங்களுக்கு வழக்கில்லை. அவர் வாங்கியது கடிகாரம் என்பதை அவர் அறிவார். பிள்ளையின் படிப்பை நம்பி வாங்குபவரிடம்தான் பேசுகிறோம். தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியனாவது, தலைவரிடம் அதைக் குறையாமல் திருப்பித் தந்தான். இங்கே அந்த உறுதியும் இல்லை.

அந்த அன்பருக்கு நாங்கள் கூறிய அறிவுரை இதுதான்: மகளின் கட்டணம் கட்டும் நாள் நெருங்கிவிட்டால், கிடைக்கும் விலைக்கு விற்றுவிடுங்கள், இழந்ததை மீட்கிறேன் என்று இன்னொன்றை வாங்காதீர்கள். அந்நாள் தொலைவில் இருக்குமானால், அந்தத் தாளை உரித்துவிட்டுக் கையில் கட்டிக்கொள்ளுங்கள். கீறல் விழட்டும். மகள் உங்களிடம் மணி கேட்கும்போது, அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.