நாய்க்கும் ஒரு டிரான்ஸ்போர்ட்டேஷன் ப்ராப்ளம்

ஆபரேஷன்ஸ் ரிசர்ச் படிச்சவங்களுக்கு இந்தக் கணக்கு நல்லாவே தெரியும். ஓர் ஊர் குடோன்ல சரக்கு குவிஞ்சு கிடக்கு. இன்னோர் ஊர்ல அதுக்காக ஆள் காத்திருக்கு. குறைஞ்ச செலவுல எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது? இப்போ சரக்குக்குப் பதிலா நாய்களைப் போட்டுப் பாருங்க.

அமெரிக்காவில் இது பல வருஷமா நடக்குது. டெக்சாஸ், லூசியானா மாதிரி தென் மாநிலங்களில் காப்பகங்கள் நிரம்பி வழிகின்றன. இடம் இல்லை என்றால், நோயில்லாத நாயைக்கூட ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள். வடகிழக்கில் மாசசூசெட்ஸ் பக்கம் நிலைமை தலைகீழ். அங்கே கருத்தடை பரவலாகிவிட்டதால், குட்டி கேட்டு வருபவர்களுக்குக் கொடுக்க உள்ளூரில் போதுமான குட்டிகள் இல்லை. அதனால் நாய்கள் வேனில் போகின்றன, விமானத்திலும் போகின்றன. 2008-இல் தொடங்கிய 'பைலட்ஸ் அண்ட் பாஸ்' அமைப்பில், விமானிகள் சம்பளம் வாங்காமல் தங்கள் குட்டி விமானங்களில் நாய்களை ஏற்றிப் போகிறார்கள். 2022-இல் வர்ஜீனியாவில், ஆய்வகச் சோதனைக்காக பீகிள் வளர்த்த ஒரு பண்ணையிலிருந்து சுமார் 4,000 நாய்கள் இரண்டே மாதத்தில் நாடு முழுக்க அனுப்பப்பட்டன.

நல்ல விஷயம்தானே, இதுல என்ன பிரச்சினைன்னு கேட்பீங்க. ரெண்டு இருக்கு.

முதலாவது, நாயோடு நோயும் பயணம் பண்ணும். கொசுவால் பரவும் இதயப்புழு, நாயின் உடம்பில் நுழைந்து சுமார் ஆறு மாதம் வரை பரிசோதனையில் பிடிபடாது. இன்னிக்கு 'இல்லை' என்று வரும் ரிசல்ட், உண்மையில் 'இன்னும் தெரியலை' என்பதாகவும் இருக்கலாம். வெளி மாநிலத்திலிருந்து வரும் நாயை 48 மணி நேரம் தனியாக வைக்கணும்னு மாசசூசெட்ஸ் விதி போட்டிருப்பது சரியான முன்னெச்சரிக்கை. ஆனால் இதயப்புழு விஷயத்தில் அது மட்டும் போதாது. தத்தெடுத்தவர் ஆறு மாதம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும்.

ரெண்டாவதுதான் பெரிய பிரச்சினை. புறப்படும் ஊரில் எதுவும் மாறவில்லை என்றால், காலியான கூண்டு சீக்கிரமே மறுபடி நிரம்பும். குழாயை மூடாமல் வாளியை மட்டும் மாத்திக்கிட்டே இருக்கிற கதை.

அதுக்காக வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. இன்னிக்குக் கூண்டில் இருக்கிற நாய்க்கு, அடுத்த வருஷம் வரப்போகும் கருத்தடைத் திட்டத்தால் எந்தப் பயனும் இல்லை. அதுக்கு வேண்டியது அந்த வேன்தான். ஆனால் நாய்களைப் பெற்றுக்கொள்ளும் காப்பகம் தத்தெடுப்புக் கட்டணத்தில் ஒரு பங்கை, நாய் புறப்பட்ட ஊரில் கருத்தடை செய்யத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது என் கருத்து. புத்தகக் கணக்கில் சப்ளை மாறாத எண். இங்கே அதைக் குறைக்க முடியும்.

உங்க கிளாஸ் குரூப்பிலும் "அஞ்சு குட்டி இருக்கு, யாராவது எடுத்துக்கோங்க"னு மெசேஜ் வந்திருக்கும். தாராளமா ஷேர் பண்ணுங்க. கூடவே, "தாய்க்கு ஆபரேஷன் பண்ணியாச்சா?"ன்னும் கேளுங்க. பண்ணலேன்னா, கொஞ்ச மாசத்துல அதே மெசேஜ் திரும்ப வரும்.