பெஞ்சை விட்டு எழுந்தவர்கள்

கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டம் 40 நிமிடம். களத்தில் ஒரு நேரத்தில் ஐந்து பேர். ஆக, ஒரு பயிற்சியாளரின் கையில் ஓர் ஆட்டத்துக்கு இருப்பது 200 நிமிடங்கள்தான். அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்கள் நீண்ட காலமாக 13 ஆட்டக்காரர்களுக்கு உதவித்தொகை கொடுத்து வந்தன. ஆனால் முக்கியமான ஆட்டங்களில் எட்டுப் பேர், மிஞ்சினால் ஒன்பது பேர்தான் இறங்குவார்கள். மீதிப் பேர் பெஞ்சில் உட்கார்ந்து கைதட்ட வேண்டியதுதான். ஒவ்வொருவரும் சொந்த ஊரில், சொந்தப் பள்ளியில் ராஜாவாக இருந்தவர். ஆறே முக்கால் அடி உயரம் இருந்தும் யார் கண்ணிலும் படாமல் இருப்பது எப்படி என்று அந்த பெஞ்சில்தான் கற்றுக்கொள்கிறார்.

அங்கிருந்து எழுந்து போக ஒரு வழி உண்டு. சின்னக் கல்லூரிக்கு மாறிவிடுவது. கேட்பவர்களுக்கு இது ஐ.ஐ.டி. இடத்தை உதறிவிட்டு மாவட்டத் தலைநகர்க் கல்லூரியில் சேர்வது போலத் தோன்றும். டி.வி. வெளிச்சம் குறையும். 20,000 பேர் அமரும் அரங்கம் போய் 3,000 பேர் அமரும் கூடம் வரும். பதிலுக்குக் கிடைப்பது நிமிடங்கள்.

இந்தியாவில் இதற்கு நெருக்கமான உதாரணம் அர்ஜுன் டெண்டுல்கர். மும்பை ரஞ்சி அணியில் இடம் கிடைக்காமல் காத்திருந்தவர், 2022இல் ஆட்சேபனையில்லாச் சான்று வாங்கிக்கொண்டு கோவாவுக்குப் போனார். அதே ஆண்டு டிசம்பரில், தன் முதல் ரஞ்சி ஆட்டத்திலேயே ராஜஸ்தானுக்கு எதிராக 120 ரன் எடுத்தார். மும்பையில் இருந்திருந்தால் அந்த ஆட்டத்துக்கு இன்னும் எத்தனை நாள் காத்திருப்பாரோ!

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் பெரிய இடத்திலிருந்து சின்ன இடத்துக்குப் போனவர்களில் மிகப் பெரிய பெயர் லாரி பேர்டு. உண்மையில் அவர் போனது ஆட நேரம் கேட்டு அல்ல. பிரெஞ்ச் லிக் என்ற, சுமார் 2,000 பேர் வசிக்கும் ஊரின் பையன், 1974இல் 30,000 மாணவர்களுக்கு மேல் படித்த இண்டியானா பல்கலைக்கழகத்துக்குப் போய் மிரண்டு போனார். 24 நாள்தான் தாக்குப்பிடித்தார். ஊருக்குத் திரும்பி நகராட்சி வேலையில் சேர்ந்தார். குப்பை லாரியோடு போவதும் அந்த வேலையில் அடக்கம். 1975இல் டெரி ஹோட் நகரில் உள்ள இண்டியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பெயர் ஏறக்குறைய ஒன்றுதான் என்றாலும் அந்தஸ்து வேறு.

சேர்ந்ததும் ஆட முடியாது. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. சங்கத்தின் விதிப்படி, மாறி வருபவர் ஒரு வருடம் சும்மா உட்கார வேண்டும். பேர்டு அப்படி உட்கார்ந்திருந்த 1975-76 சீசனில்தான், அவர் விட்டுவந்த இண்டியானா அணி 32 ஆட்டங்களிலும் வென்று, தோல்வியே காணாமல் சாம்பியன் ஆனது. அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. ஆனால் 1979இல் அதே பேர்டு, அதுவரை தேசியப் போட்டியையே எட்டிப் பார்க்காத இண்டியானா ஸ்டேட்டைத் தொடர்ந்து 33 வெற்றிகளோடு இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோனார். அதில் மாஜிக் ஜான்சனின் மிஷிகன் ஸ்டேட்டிடம் 75-64 என்று தோற்றார்.

நாற்பது வருடங்கள் கழித்தும் அந்த ஒரு வருடக் காத்திருப்பு மாறவில்லை. செமி ஒஜெலே, ட்யூக் பல்கலைக்கழகத்தின் பெஞ்சில் ஒன்றரை வருடம் இருந்தார். 2014 டிசம்பரில், சீசன் நடுவிலேயே கிளம்பினார். அடுத்த ஏப்ரலில் ட்யூக் சாம்பியன். கோப்பையைத் தூக்கிய குழுவில் அவர் இல்லை. டல்லாஸில் உள்ள சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, ஆட்டம் இல்லாமல் நீண்ட காலம் பயிற்சி மட்டும் செய்தார். 2016-17இல் ஒருவழியாக இறங்கியபோது ஆட்டத்துக்கு 19 புள்ளி. அந்த லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது. பேர்டு ஆடிய அதே பாஸ்டன் செல்டிக்ஸ் கிளப்பில் 2017இல் வேலையும் கிடைத்தது. ஆனால் எல்லோருக்கும் ஒஜெலேயின் பொறுமை வாய்க்குமா என்ன? 19 வயதில் ஒரு வருடம் என்பது நீண்ட காலம்.

இந்த ஒரு வருடத் தண்டனை ஒருவகையில் கட்சித் தாவல் தடைச் சட்டம். பயிற்சியாளர்களுக்கு மட்டும் அது கிடையாது. இன்று ஒரு கல்லூரியில் கைகுலுக்கிவிட்டு, நாளை அதிகச் சம்பளத்துக்கு வேறு கல்லூரியில் பேட்டி கொடுக்கலாம். மாணவனோ தன் பயிற்சியாளரிடம் அனுமதி கேட்க வேண்டும். அவர் நினைத்தால் இன்னின்ன கல்லூரிக்குப் போகக் கூடாது என்று பட்டியல் போடலாம். 2018 அக்டோபரில்தான் அது ஒழிந்தது. இனி அனுமதி வேண்டாம்; சொன்னால் போதும், கல்லூரியே அவன் பெயரை ஒரு பொதுப் பட்டியலில் ஏற்றும். 2021 ஏப்ரலில், முதல் முறை மாறுபவர் உடனே ஆடலாம் என்றானது. நீதிமன்றப் படி ஏறியபின், 2024 ஏப்ரலில் எத்தனை முறை மாறினாலும் காத்திருக்கத் தேவையில்லை என்று சங்கம் இறங்கி வந்தது. படிப்பில் தேறியிருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தியா 1985இல் பூட்டிய கதவை அமெரிக்கக் கல்லூரிகள் அகலத் திறந்துவிட்டன.

விதி மாறியதன் இரண்டு பக்கங்களையும் ஒரே ஆட்டத்தில் பார்க்க முடிந்தது. 2023 ஏப்ரல் 1, ஹூஸ்டன். தேசிய அரையிறுதியில் ஃப்ளோரிடா அட்லாண்டிக்கும் சான் டியேகோ ஸ்டேட்டும் மோதின. ஃப்ளோரிடா அட்லாண்டிக் அந்த ஆண்டுக்கு முன்பு தேசியப் போட்டியில் ஓர் ஆட்டம்கூட வென்றதில்லை. அதன் நடுநாயகம் விளாதிஸ்லாவ் கோல்டின் என்ற ஏழடி ரஷ்யர். டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் ஒரு சீசன் முழுக்க, ஆடினோம் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்குக்கூட ஆடாதவர். 2021இல் கிளம்பினார். முதல் மாற்றம் என்பதால் புதிய இடத்தில் உடனே ஆட முடிந்தது.

எதிரணியில் ஜேடன் லிடீ. ஹூஸ்டன்தான் சொந்த ஊர். ஒஹையோ ஸ்டேட்டில் ஒரு வருடம், அங்கே ஆட நேரம் போதாமல் டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம், அங்கும் அதே கதை. கோல்டின் கிளம்பிய அதே 2021இல் இவரும் சான் டியேகோவுக்கு மாறினார். ஆனால் இவருக்கு இது இரண்டாவது மாற்றம். 2021-22 முழுவதும் உட்கார வேண்டியதாயிற்று. மூன்று வருடம் கழித்து வந்திருந்தால் ஒரு நாளும் இழந்திருக்க மாட்டார்.

அன்று சான் டியேகோ 14 புள்ளி பின்தங்கி, கடைசி விநாடியில் லமான்ட் பட்லர் போட்ட பந்தால் 72-71 என்று வென்றது. லிடீ அப்போதும் மாற்று ஆட்டக்காரர்தான். அடுத்த வருடம்தான் முழுக்க அவர் வருடம்: ஆட்டத்துக்கு 21 புள்ளிக்கு மேல், நாட்டின் சிறந்த பவர் ஃபார்வர்டுக்கான கார்ல் மலோன் விருது. ஆறாவது வருடத்தில், மூன்றாவது கல்லூரியில்.

இது போன்ற கதைகள் மேலே வருகின்றன. வராத கதைகள் நிறைய. 2025இல் முதல் பிரிவு ஆண்கள் கூடைப்பந்தில் மட்டும் 2,000க்கும் அதிகமானவர்கள் பெயரைப் பட்டியலில் ஏற்றினார்கள். முதல் பிரிவில் மொத்தமே சுமார் 360 அணிகள். பெயரைப் பதிந்துவிட்டால், நடக்கும் பருவம் முடிந்ததும் பழைய கல்லூரி உதவித்தொகையை நிறுத்திக்கொள்ளலாம். புதிய இடம் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. இசை நாற்காலிதான். பாட்டு நின்றபோது நாற்காலி கிடைக்காதவர் இரண்டாம் பிரிவுக்குப் போகிறார். மூன்றாம் பிரிவுக்குப் போனால் அங்கே விளையாட்டுக்கான உதவித்தொகையே கிடையாது.

படிப்பின் கணக்கு இன்னொன்று. மூன்றாம் வருட முடிவில் பட்டத்துக்கான பாடங்களில் 60 சதவீதம், நான்காம் வருட முடிவில் 80 சதவீதம் முடித்திருக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. ஒரு கல்லூரியில் தேறிய பாடங்கள் எல்லாவற்றையும் இன்னொரு கல்லூரி ஏற்பதில்லை. மூன்று இடம் மாறியவன் எந்தப் பாடத்தில் பட்டம் வாங்குவான் என்பதைத் தீர்மானிப்பது பல சமயம் அவன் விருப்பம் அல்ல, எந்தப் பாடத்தில் இந்தச் சதவீதம் தேறும் என்பதுதான்.

2021 ஜூலையில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: பணம். மாணவர்கள் தங்கள் பெயரையும் புகழையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. 2025இல் ஒரு வழக்குச் சமரசத்தின்படி, கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்கு வருமானத்தில் பங்கு தரலாம் என்றும் வந்துவிட்டது. 2025-26க்கு ஒரு கல்லூரி தரக்கூடிய உச்சவரம்பு சுமார் 2 கோடி டாலர். எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து. பெரிய இடத்தில் பெஞ்சில் உட்காருபவருக்குக்கூடச் சின்ன இடத்து நட்சத்திரத்தைவிட அதிகம் கிடைக்கலாம் என்ற நிலை. ஆட நேரம் தேடிக் கீழே வருபவர் இன்று புகழை மட்டுமல்ல, ரொக்கத்தையும் விட்டுவிட்டு வருகிறார்.

வந்து, ஆடி, பெயர் வாங்கியதும்? மறுபடி மேலே. கோல்டின் 2024இல் பயிற்சியாளர் டஸ்டி மேயைத் தொடர்ந்து மிஷிகன் போனார். அதே அணியின் அலிஜா மார்ட்டின் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் போய் 2025இல் சாம்பியன் ஆனார். அந்தக் கடைசி விநாடிப் பந்தைப் போட்ட பட்லர்கூட கென்டக்கி போய்விட்டார். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆட்டக்காரனின் காலம் குறுகியது. ஆனால் சின்னக் கல்லூரி, அடைக்கலம் என்ற நிலையிலிருந்து காத்திருப்பு அறையாகிவிட்டது. பெரிய இடம் கழித்ததை எடுத்து, தீட்டி, திருப்பி அனுப்பும் பட்டறை. கூலி கிடையாது.

இதில் யாரும் பேசாத இன்னொருவன் இருக்கிறான். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, இந்தச் சின்னக் கல்லூரிகளைத்தான் நம்பியிருக்கும் 18 வயதுப் பையன். கோல்டின் போன்றவர்கள் இறங்கி வரும் இடம் அவனுடையது. பயிற்சியாளர் தரப்பிலும் நியாயம் உண்டு: பச்சைப் பையனை இரண்டு வருடம் வளர்த்து, மூன்றாம் வருடம் அவனைப் பெரிய கல்லூரிக்குத் தாரை வார்ப்பதைவிட, 22 வயதில் தயாராக வருபவனை எடுப்பது லாபம். கொரோனா காலத்தில், 2020-21 சீசன் யார் கணக்கிலும் சேராது என்று சொல்லி எல்லோருக்கும் ஒரு வருடம் கூடுதலாகக் கொடுத்தார்கள். அதனால் முதியவர் கூட்டம் பெருகியது. அந்த வருடங்களில் பள்ளி முடித்தவர்கள் வரிசையின் கடைசியில் நின்றார்கள். முதலில் பெஞ்சிலாவது இடம் வேண்டுமே!

பேர்டின் இண்டியானா ஸ்டேட்டுக்கே திரும்பினால், 2023-24இல் அங்கே மறுபடியும் ஒரு நல்ல அணி உருவானது. பயிற்சியாளர் ஜாஷ் ஷெர்ட்ஸ். நடுவில் கண்ணாடி போட்ட ராபி அவிலா. முதல் ஐவரில் சிலர் வேறு கல்லூரிகளிலிருந்து டெரி ஹோட்டுக்கு வந்தவர்கள். 32 வெற்றிகள். அப்படியும் தேசியப் போட்டியின் 68 அணிகளில் இடம் கிடைக்கவில்லை. அடுத்த நிலைப் போட்டியான என்.ஐ.டி.யின் இறுதி ஆட்டத்தில், ஏப்ரல் 4 அன்று சீட்டன் ஹாலிடம் 79-77 என்று இரண்டே புள்ளியில் தோற்றது. ஷெர்ட்ஸ் செயின்ட் லூயி பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவிலாவும் இன்னொருவரும் அவர் பின்னால். இரண்டு பேர் டெக்சாஸுக்கு, ஒருவர் சேவியருக்கு. ஹல்மன் சென்டரில் அடுத்த சீசன் தொடங்கியபோது அந்த ஐவரில் ஒருவரும் இல்லை.