அந்துருண்டை வாசனை சுத்தம் அல்ல!

சில வருஷங்களுக்கு முன், ஒரு மார்கழிக் காலை. குன்னூரில் என் வைத்தியசாலைக்கு, பிறந்து பன்னிரண்டே நாளான பேரனைத் தூக்கிக்கொண்டு ஒரு பாட்டி வந்தார். குழந்தையின் கண்ணெல்லாம் மஞ்சள். உடம்பும் மஞ்சள்.

"பால் குடிக்க மாட்டேங்கறான் டாக்டரய்யா. எப்பப் பார்த்தாலும் தூக்கம். கீழாநெல்லி அரைச்சுக் குடுங்க" என்றார்.

குழந்தையைக் கையில் வாங்கும்போதே ஒரு நெடி என் மூக்கில் ஏறியது. அந்துருண்டை! குழந்தையைச் சுற்றியிருந்தது துண்டோ கம்பளியோ அல்ல. பெரியவர்கள் போடும் புசுபுசு ஜெர்கின்.

"மருமகன் கனடாவுல இருந்து போட்டுட்டு வந்தது. டவுன் ஜாக்கெட்டாம். எந்த டவுனோ! நாலு வருஷமா ட்ரங்குப் பெட்டியில பத்திரமா வச்சிருந்தேன். பூச்சி அரிக்கக் கூடாதுன்னு கை நிறைய உருண்டை போட்டேன். குளிருக்கு இதமா இருக்குமேன்னு பிள்ளைக்குச் சுத்தி வச்சேன்."

நான் கீழாநெல்லியை எடுக்கவில்லை. ஜெர்கினைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு, வேறு துணியில் குழந்தையைச் சுற்றி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தேன். அங்கே ரத்தம் சோதித்ததில், பிறவியிலேயே ஜி-6-பி-டி என்ற நொதி குறைவான குழந்தை என்று தெரிந்தது. நீல விளக்கின் கீழே வைத்து, ரத்தமும் ஏற்றிக் காப்பாற்றினார்கள். இன்று அவன் பள்ளிக்கூடம் போகிறான்.

'சித்த வைத்தியர் துணி துவைப்பது பற்றி எழுத வந்துவிட்டாரே!' என்று சிரிக்காதீர்கள். அந்தக் குழந்தையின் நோய் ஆரம்பித்ததே ஒரு துவைக்காத ஜெர்கினில்தான்.

உருண்டைக்குள் என்ன இருக்கிறது?

அந்துருண்டை பெரும்பாலும் நாஃப்தலீன் என்ற ரசாயனம். உருகாமலே ஆவியாகிறது. அதனால்தான் பெட்டியில் வைத்த உருண்டை நாளுக்கு நாள் இளைத்துக் காணாமல் போகிறது. எங்கே போகிறது? துணிக்குள்ளும், உங்கள் மூச்சுக்குள்ளும்தான்.

ஜி-6-பி-டி குறைவானவர்களின் ரத்தச் சிவப்பணுக்கள் இந்த நஞ்சைத் தாங்காமல் உடைகின்றன. உடைந்த அணுக்களிலிருந்து வருவதே அந்த மஞ்சள். பச்சைக் குழந்தைக்கு அது அளவு மீறினால் மூளையையே பாதிக்கும். இந்தக் குறை ஆண் குழந்தைகளிடம் அதிகம். பார்த்தால் தெரியாது, சோதித்தால்தான் தெரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நாஃப்தலீன் எண்ணெயில் கரையும். எண்ணெய் தேய்த்த தோல் வழியே சுலபமாக உள்ளே போகும். நம் வீட்டில் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, கையோடு பெட்டியிலிருந்து எடுத்த துணியில்தானே சுற்றுகிறோம்?

பிறந்த குழந்தைகள் பலருக்கு முதல் வாரத்தில் லேசான மஞ்சள் வந்து தானாகப் போவதுண்டு. எது தானாகப் போகும், எது போகாது என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். பச்சைக் குழந்தையின் மஞ்சளுக்குக் கீழாநெல்லி கேட்டு எந்த வைத்தியரிடமும் போகாதீர்கள். என்னிடமும் வராதீர்கள்!

பூச்சிக்கு விருந்து வைப்பது யார்?

"உருண்டை போடலேன்னா பூச்சி அரிக்குமே?" என்பீர்கள். நியாயமான கேள்வி.

பறக்கிற அந்துப்பூச்சி துணியைத் தின்பதில்லை. அது இடும் முட்டையிலிருந்து வரும் புழுதான் தின்கிறது. கம்பளி, பட்டு, இறகு எல்லாமே புரதம். அதிலும் வியர்வை ஊறிய கழுத்துப்பட்டை, குழம்பு சிந்திய கைப்பகுதி என்றால் புழுவுக்குக் கல்யாண விருந்து! துவைத்து, நன்றாகக் காயவைத்து, இறுக்கமாக மூடி வைத்த துணியில் அதற்கு வேலை குறைவு.

உருண்டை பூச்சியைக் கொல்ல வேண்டுமென்றால் காற்றே புகாத பெட்டிக்குள் ஆவி நிறைந்து நிற்க வேண்டும். நம் வீட்டு மர பீரோவில் ஆவி இடுக்கு வழியாகப் படுக்கையறைக்கு வந்துவிடுகிறது. பூச்சி பிழைத்துக்கொள்ளும், நாம்தான் சுவாசிக்கிறோம். ஆக, அழுக்குத் துணியை உருண்டை போட்டு மூடி வைப்பது, குளிக்காமல் சென்ட் போட்டுக்கொள்வது மாதிரிதான்.

டவுன் ஜாக்கெட்டைத் துவைப்பது எப்படி?

'டவுன்' என்றால் வாத்து, பெருவாத்து இவற்றின் மேல் இறகுக்கு அடியில் இருக்கும் மிருதுவான தூவி. அது காற்றைச் சிறைபிடித்து வைக்கிறது. அந்தக் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போன ஜார்ஜ் ஃபிஞ்ச், பலூன் துணிக்குள் தூவி அடைத்த கோட்டு போட்டுப் போனார். இன்று ஊட்டிக்கும் பத்ரிநாத்துக்கும் போகிற நம்மிடமும் அது வந்துவிட்டது. துவைக்கும் பக்குவம்தான் வரவில்லை.

நான் மட்டும் யோக்கியனா? 2009-ல் பத்ரிநாத் போய்வந்த பிறகு, நண்பரிடம் இரவல் வாங்கிய ஜாக்கெட்டைக் கல்லில் அடித்து, வேட்டி மாதிரி முறுக்கிப் பிழிந்தேன். உள்ளே தூவியெல்லாம் எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டை உருண்டையாகத் திரண்டுவிட்டது. மேலே காய்ந்ததை நம்பி மடித்து வைத்தேன். இரண்டு வாரத்தில் பூஞ்சை. எடுத்து உதறினேன், மூன்று நாள் இருமினேன். ஆஸ்துமாக்காரர் உதறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அதனால் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

வாரா வாரம் துவைக்க வேண்டாம். குளிர்காலம் முடிந்து உள்ளே வைக்கும் முன் ஒரு தடவை போதும். முதலில் உள்ளே தைத்திருக்கும் குறிப்புத் துணியைப் படியுங்கள். பாக்கெட்டைக் காலி செய்து, ஜிப்பைப் போடுங்கள். பெரிய தொட்டியில் குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, ஸ்வெட்டருக்கென்று விற்கும் மென்மையான திரவ சோப்பைக் கொஞ்சமாகக் கலக்குங்கள். ப்ளீச்சிங், துணியை மிருதுவாக்கும் திரவம் இரண்டும் ஆகாது. கையால் அமுக்கி அமுக்கித் துவையுங்கள். சோப்பு போகும்வரை மூன்று, நான்கு தண்ணீரில் அலசுங்கள். மெஷின் என்றால் முன்பக்கக் கதவுள்ள மெஷினில், மெதுவான ஓட்டத்தில் போடலாம்.

முறுக்கவே கூடாது. ஈரத்தில் கனமாக இருக்கும். ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் உள்தையல் கிழியும். இரு கையாலும் அடியில் தாங்கி எடுத்து, துண்டில் வைத்து அமுக்கித் தண்ணீரை வடியுங்கள்.

காயவைப்பதுதான் பாதி வைத்தியம். ட்ரையர் இருந்தால் குறைந்த சூட்டில், சுத்தமான டென்னிஸ் பந்து இரண்டு, மூன்று சேர்த்துப் போடுங்கள். பந்து மோதி மோதித் தூவியைப் பிரித்துவிடும். இல்லையா? கயிற்றுக் கட்டிலில் காற்றோட்டமான நிழலில் விரித்துப் போடுங்கள். அடியிலும் காற்றுப் போகும். அவ்வப்போது புரட்டி, திரண்ட தூவியை விரலால் உதிர்த்து விடுங்கள். முழுசாகக் காய இரண்டு, மூன்று நாள்கூட ஆகும். மேகமூட்டமான வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள். அமுக்கிப் பார்த்தால் கட்டி தட்டக்கூடாது, முகர்ந்தால் ஈர வாடை வரக்கூடாது. அதுதான் பரீட்சை.

பிறகு அமுக்கி மடிக்காமல், பருத்திப் பையில் தளர்வாகப் போட்டு, மூடிய பீரோவில் வையுங்கள். ஸ்வெட்டருக்கும் இதே கதைதான். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும், விரித்துப் போட்டுக் காயவையுங்கள்.

நம்ம ஊர்ச் சரக்கு?

"அப்போ கற்பூரம் வைக்கலாமா டாக்டர்? அது இயற்கைதானே?" என்று கேட்கிறார்கள். வேண்டாம். இன்று கடையில் வருவது பெரும்பாலும் டர்பண்டைனிலிருந்து ஆலையில் தயாராவது. குழந்தை கொஞ்சம் விழுங்கினாலும் வலிப்பு வரும். நம்ம ஊர்ச் சரக்கு என்பதாலேயே நல்லதாகிவிடாது. பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தவன் நான் சொல்கிறேன், நஞ்சுக்குச் சொந்த ஊர் கிடையாது.

வசம்பு, காய்ந்த நொச்சி, வேப்பிலை இவற்றைத் துணியில் முடிந்து வைக்கலாம். குழந்தை கைக்கு எட்டக் கூடாது. வாடை பூச்சியை ஓரளவு விலக்கும், அவ்வளவுதான். அழுக்கில் ஏற்கெனவே இட்ட முட்டையை வசம்பு அழிக்காது. சந்தேகம் இருந்தால் துணியை ப்ளாஸ்டிக் பையில் கட்டி, ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வைத்து எடுங்கள். புழு, முட்டை இரண்டும் சாகும்.

ஏற்கெனவே உருண்டை போட்ட துணிகளை இன்றைக்கே வெளியே எடுங்கள். நெடி போகும்வரை காற்றாட விட்டு, துவைத்த பிறகே உடுத்துங்கள். பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டில், அது பிறப்பதற்கு முன்பே இந்த வேலையை முடியுங்கள். அந்த உருண்டையை மிட்டாய் என்று வாயில் போட்ட குழந்தைகளும் உண்டு, மறக்காதீர்கள்.

அந்தப் பாட்டி கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பேரனுக்குக் குளிரக்கூடாதே என்றுதான் செய்தார். நாம் எல்லோருமே பாசத்தில்தான் தப்பு செய்கிறோம். பெட்டியைத் திறந்தால் குப்பென்று ஒரு வாசனை அடித்தால் 'ஆஹா, சுத்தம்!' என்று நினைத்துவிடாதீர்கள். சுத்தமான துணிக்கு வாசனையே கிடையாது.