பசுவந்தனையிலிருந்து நக்கவாரத்துக்கு

கரிசல் சீமையில் குடும்பத்தோடு யாத்திரை புறப்படுவதென்றால் திருச்செந்தூர். சாரல் சமயமானால் குற்றாலம். கையில் சற்றுத் தாராளமிருந்தால் ராமேசுவரம். இவற்றில் எதையும் நாம் குறை கூற வரவில்லை. ஆனால் பசுவந்தனைக் கைலாசநாதர் கோயில் வாசலில் நின்றுகொண்டு, "வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, வெகு தூரத்தில், ஜனக்கூட்டமில்லாத, நாம் கண்டிராத பிராணிகள் வாழும் ஒரு தீவைப் பார்த்துவிட வேண்டும்" என்று எந்தக் குடும்பமாவது ஆசைப்படுமானால், அவர்களுக்கு நமது யோசனை இது: பெரிய நிக்கோபாருக்குப் போங்கள்.

இத்தகைய ஆசை பிறந்தவுடன் காலாபகஸ் என்ற பெயரைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. 1835-ல் டார்வின் போய்ப் பார்த்த தீவுகள், விசேஷமான இடந்தான். ஆனால் அது பசிபிக் சமுத்திரத்தில் ஈக்வடார் தேசத்துச் சொத்து. நமது தீவோ நம் தேசத்துக்குள்ளேயே இருக்கிறது; தமிழில் அதற்கு ஆயிரம் வருஷத்துப் பெயரும் உண்டு. ராஜேந்திர சோழன் தன் கப்பற்படை வென்ற இடங்களைக் கல்லில் வெட்டி வைத்தபோது மாநக்கவாரத்தையும் சேர்த்துக்கொண்டான். அது நிக்கோபாரே என்பது ஆராய்ச்சியாளர் கொள்கை.

கரிசல்காரருக்குக் கடல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பசுவந்தனைக்கு அண்டையிலுள்ள ஓட்டப்பிடாரத்தில் பிறந்தவர்தாம் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட வ. உ. சிதம்பரம் பிள்ளை. 1908-ல் வெள்ளைக்காரக் கோர்ட்டு அவருக்கு முதலில் விதித்தது தீவாந்தர சிட்சை. அப்பீலில் அது குறைந்தது. அவரை விலங்கிட்டு அனுப்ப எண்ணிய அந்தத் திசைக்கு நாம் சீட்டு வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போகலாம்.

கோவில்பட்டியில் ரயிலேறினால் சென்னை. அங்கிருந்து, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேருக்குக் கடல் வழி சுமார் 1,200 கிலோ மீட்டர். கப்பலில் மூன்று நாள் ஆகும். ஆகாய விமானத்தில் இரண்டு மணிச் சொச்சம். பிறகு தெற்கே இன்னும் 500 கிலோ மீட்டருக்கு மேல் கப்பலில் சென்றால் காம்பெல் பே. கடல் கோபித்துக்கொண்டால் கப்பல் புறப்படாது. ஆகையால் லீவு நாட்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டு போகிறவர்களுக்கு இந்த யாத்திரை உதவாது. திரும்பும் தேதிக்குப் பின் ஒரு வாரமாவது சும்மா விட்டு வைக்க வேண்டும். காம்பெல் பேயில் இறங்கியதும் தமிழ் காதில் விழுந்தால் திகைக்க வேண்டாம். 1969 முதல் சர்க்கார் அங்கே குடியேற்றிய முன்னாள் ராணுவத்தினரில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

பருவம் நமக்கு அநுகூலமாகவே அமைந்திருக்கிறது. மானாவாரி வெள்ளாமை வீடு வந்து சேரும் தை, மாசியில்தான் அத்தீவின் மணற்கரைக்குத் தோல் ஆமை முட்டையிட வருகிறது. உலகத்து ஆமைகளில் இதுவே பெரிது. நன்கு வளர்ந்தது இரண்டு மூன்று பருத்திப் பேல் எடை இருக்கும். முதுகில் ஓடு இல்லை, தடித்த தோல்; அதில் நெடுக ஏழு வரி. ஆகவே நம் கரையில் ஏழுவரி ஆமை என்பர். இரவில் ஏறி வந்து, பின்காலால் குழி தோண்டி, எண்பது நூறு முட்டைகளை இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். அந்தமான் தீவுகளில் கருவி பொருத்தி விட்ட ஆமைகள் மேற்கு ஆஸ்திரேலியாப் பக்கமும் ஆப்பிரிக்காப் பக்கமும் நீந்திச் சென்றது தெரிய வந்திருக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் வன இலாகாவின் அனுமதியோடுதான் போக வேண்டும். வெள்ளை வெளிச்சம் கூடாது. வெளிச்சத்தைக் கண்டால் தாய் திரும்பிவிடும், குஞ்சுகள் திசை தவறும்.

நம் வீட்டுப் பெண்மணிகள் அதிகம் ரசிக்கக்கூடியது நிக்கோபார் மண்மேட்டுக் கோழி. இந்தப் பறவை அடை காப்பதே இல்லை. மணலையும் அழுகும் இலைகளையும் காலால் வாரி மேடாகக் குவித்து, அதற்குள் முட்டையைப் புதைக்கிறது. எருக்குவியலுக்குள் கை விட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். அந்தச் சூட்டிலேயே குஞ்சு பொரித்து, தானே மண்ணைக் கிளறி வெளிவந்து, தாயை எதிர்பாராமல் இரை தேடப் போய்விடுகிறது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி வந்த பேரலை இந்த மேடுகளில் பெரும்பாலானவற்றை வாரிக்கொண்டு போயிற்று. அன்றைய பூகம்பத்தில் தீவின் தென்கோடி நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்துவிட, தரையில் நின்ற கலங்கரை விளக்கம் இன்று கடலில் கால் வைத்து நிற்கிறது.

காட்டுக்குள் ஷோம்பென் என்ற ஆதிகுடிகள் வாழ்கிறார்கள். 2011 ஜனக்கணக்கில் 229 பேர். அவர்கள் பகுதிக்குள் அனுமதியின்றி நுழைவது 1956-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும், அழைக்காத வீட்டுக்குள் காமிராவோடு நுழைவது நம் மரபல்ல.

யாத்திரையை ஒத்திப்போட வேண்டாம் என்று நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் ஒன்று உண்டு. ஆமைகள் ஏறும் கலாத்தியாக் குடாவில் பெரிய துறைமுகமும், தீவில் விமான நிலையமும் நகரமும் அமைக்க 2022 நவம்பரில் அநுமதி வழங்கியிருக்கிறார்கள். சரணாலயம் என்ற அந்தஸ்து அக்குடாவுக்கு 2021-லேயே நீக்கப்பட்டது. சுமார் 130 சதுர கிலோ மீட்டர் காடு இதற்குப் போகிறது. தேசத்துக்குத் துறைமுகம் வேண்டும். கப்பல் விட்டவரின் ஊர்ப்பக்கத்தார் அதை மறுக்கமாட்டார்கள். ஆனால் 3,000 மில்லி மீட்டருக்கு மேல் மழை பெறும் தீவில் வெட்டும் காட்டுக்கு ஈடாக ஹரியானாவில் மரம் நடுவோம் என்பதை நாம் ஏற்பதற்கில்லை. மழையின் அருமை தெரிந்த கரிசல்காரருக்கு, இரண்டும் ஒரே காடாகாது என்பதை விளக்கவும் வேண்டியதில்லை. ஆமைக்குச் சிறிய நிக்கோபாரில் வேறு சரணாலயம் ஒதுக்கியிருப்பதாகவும் சொல்கிறார்கள். அதை ஆமைக்கு யார் எடுத்துச் சொல்வது?

அனுமதிச் சீட்டுகளுக்கு ஐப்பசி விதைப்பு முடிந்ததும் எழுதிப்போடுங்கள். பதில் வரத் தாமதமாகும். மழைக்கோட்டும், சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச்சும் ஆளுக்கு ஒன்று. கப்பலில் தலை சுற்றும்; ஆகவே இஞ்சி மொரப்பா ஒரு டப்பா, பாட்டிக்குத் தெரியாமல் குழந்தைகள் எடுக்க முடியாத பெட்டியில் இருக்கட்டும்.