லொறிக் கதவில் ஓர் இலக்கம்

வீடு மாறும் குடும்பம் தன் உடைமைகள் அனைத்தையும் முன்பின் அறியாத லொறிக் கொம்பனி ஒன்றிடம் ஒப்படைக்கின்றது. அக்கொம்பனியின் யோக்கியதையை அறிவது எங்ஙனம்?

ஐக்கிய அமெரிக்காவில் இதற்கு வழியுண்டு. மாநில எல்லை கடந்து வாடகைக்குப் பொருளேற்றும் லொறிகளின் இரு பக்கங்களிலும், போக்குவரத்துத் திணைக்களம் வழங்கிய இலக்கம் பொறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். 2000ஆம் ஆண்டு தொடக்கம் இயங்கிவரும் சமஷ்டி மோட்டார் வாகனப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்தில், அவ்விலக்கத்தைக் கொண்டு எவரும் கட்டணமின்றித் தேடலாம். லொறிகளும் சாரதிகளும் எத்தனை, கடந்த 24 மாதங்களில் நிகழ்ந்த விபத்துக்கள் எத்தனை, சோதனையில் ஓடத் தகாதவையென நிறுத்தப்பட்ட வண்டிகள் நூற்றுக்கு எத்தனை என்பனவெல்லாம் அங்கே தெரியவரும்.

ஆயினும், பதிவேட்டை வாசிக்கவும் பயிற்சி வேண்டும். விபத்தின் எண்ணிக்கை, குற்றம் எவருடையதென்று கூறாது. ‘திருப்தி’, ‘நிபந்தனைக்குட்பட்டது’, ‘திருப்தியின்மை’ என மூன்று தரங்கள் உள. பல கொம்பனிகளுக்கோ எத்தரமும் வழங்கப்படவில்லை. தரமின்மை நற்சான்று ஆகாது. இன்னுஞ் சிலர், தடைக்குள்ளானதும் கடையை மூடிவிட்டுப் புதுப்பெயரும் புது இலக்கமும் பெற்று மீண்டும் வருவர். அவர்களை அந்நாட்டார் பச்சோந்திகள் என்றே அழைக்கின்றனர். பதிவு புதியது, லொறியும் முகவரியும் பழையன எனின், காரணம் கேட்டறிதல் நன்று.

மலிந்த கூலியை மட்டும் நோக்குவோர் இவற்றை ஆராய்வதில்லை. தடுப்புப் பழுதான லொறியோ, ஏற்றிய பொருளை மட்டுமன்றி, எதிரே வரும் குடும்பத்தையும் அழிக்கவல்லது. ஆதலின், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் சில நிமிடங்களை இத்தேடலுக்குச் செலவிடுதல் நமக்கு மட்டுமன்றி, வீதியிற் செல்வோர்க்கும் நாம் செய்யும் கடமையாகும்.