முதலிடம் எந்தப் படத்துக்கு? ரசிகர்களே, ஒரு வார்த்தை!

"எங்க ஆளு படம்தான் நம்பர் ஒன்!" சென்னை டீக்கடைகளில் இந்தச் சண்டை ஓய்வதே இல்லை.

பேசுங்கள், தப்பில்லை. ஆனால் முதல் நாள் கூட்டத்தை வைத்தா முதலிடம் கொடுப்பது?

1954-ல் பாட்டே இல்லாமல் வந்த சிவாஜியின் 'அந்த நாள்' வசூலில் படுத்தது. 2003 பொங்கலுக்கு வந்த கமலின் 'அன்பே சிவ'மும் அப்படியே. இன்று ரசிகர்கள் போடும் பட்டியலில் இரண்டுக்கும் ராஜமரியாதை!

2023 ஜனவரி 11-ந் தேதி அஜீத்தின் 'துணிவு', விஜய்யின் 'வாரிசு' இரண்டும் ஒரே நாளில் போட்டியாக வந்தன. 'துணிவு' கொண்டாட்டத்தில், கோயம்பேட்டில் லாரி மேல் ஏறி ஆடிய வாலிபர் கீழே குதித்துப் படுகாயம் அடைந்தார். பரிதாபமாக இறந்தார்.

தோற்ற படம்கூட பிறகு எழுந்து வந்துவிடுகிறது. போன பிள்ளை வருவானா?

சண்டை டீக்கடையோடு நிற்கட்டும், நண்பர்களே!